இரண்டு வட்டையில் விதைத்த மச்சானுக்கு

மச்சான்,

வாவிக்கரையில் யாரோ குங்கிலியம் காய்ச்சுகிறார்கள். தேங்காயெண்ணெயில் அது உருகுகிற மணம் காற்றோடு ஏறி வந்து, என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நேரே உன் முன்னால் நிறுத்திவிட்டது.

மாரி தொடங்க முன் தோணியின் பொருத்துகளை அடைக்கிற காலம் இது. நான் குனிந்து குங்கிலியம் பூசிக்கொண்டிருப்பேன். நீ கறுத்தக் கோட்டும் குடையுமாக வந்து நிற்பாய்.

"தண்ணி வர முன்னம் அடைக்கிறாய். இதைத்தான் நானும் ஊர் ஊராச் சொல்லித் திரியிறன். உனக்கு மட்டும் விளங்குதில்லை."

நான் நிமிரவே மாட்டேன். "முதல்ல உன்ட கோட்டில இருக்கிற ஓட்டையை அடை, மச்சான்."

நீ போய் எத்தனையோ மாரி கழிந்துவிட்டது. இத்தனை நாள் கடிதம் எழுதாமல் விட்டதற்குக் கோபிக்காதே. நாலாம் வகுப்போடு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவராமல் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை கண்டால் அங்கே இருந்தபடியே திருத்திக்கொள். நீ உயிரோடு இருந்த காலத்திலும் அதைத்தானே செய்தாய்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் அண்ணன்காரன் தனக்கென்று ஒரு பாயை விரிக்கலாம். நீ உன் பெரிய தங்கைக்கு முதுகு முறியக் கட்டின வீட்டில்தான் நான் மாப்பிள்ளையாக வந்து காலை நீட்டிப் படுத்தேன். படுத்துக்கொண்டே உன்னைக் கேலியும் செய்தேன். அதற்குத்தானே மச்சான் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.

சின்னத் தங்கைக்கு அடுத்த வளவில் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். சுவரைப் பார்ப்பார்கள். கூரை இருக்கவேண்டிய இடத்தில் வானத்தைப் பார்ப்பார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவள் கோப்பைகளைக் கழுவி வைப்பாள். அந்தச் சுவர் எழும்பவேண்டும் என்றுதான் நீ அந்தக் கோட்டைப் போட்டாய்.

மட்டக்களப்புக்குக் கோச்சி, அதுதான் ரெயில், வந்த புதிது அது. கொழும்புக் கொம்பனி ஒன்று இன்சூரன்சுக்கு ஆள் சேர்க்கிற வேலையை உனக்குத் தந்தது. நீ முதல் எழுதின ஆள் நீயேதான். உனக்கு ஏதும் ஆனால் சின்னத் தங்கைக்குச் சேரட்டும் என்று அவள் பெயரைப் போட்டாய்.

"விக்கக் கொண்டு வந்த சாமானை யாவாரியே திண்டு முடிக்கிறானே" என்றேன்.

"நான் திண்ணாத கறியை மத்தவன்ட கோப்பையில போடமாட்டன்" என்றாய்.

அந்தக் கறியை நீ முதலில் பரிமாறப் போனது பெரியகல்லாற்றில். வாவி வழியே தோணியில் கொண்டுபோய் விட்டவன் நான். விடியற்காலை, கடற்கரையில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் கறுத்தக் கோட்டோடு போய் நின்றாய்.

"ஐயா ஆர்? டாக்குத்தரோ, வழக்குப் பேசுற பிரக்கிராசியோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்சூரன்ஸ்."

"அது என்ன சாமான்?"

"இப்ப நீங்க கடலுக்குப் போறீங்க. போய்த் திரும்பி வராட்டி..."

அதற்கு மேல் உன்னைச் சொல்ல விடவில்லை. ஏற்றின வலையை இறக்கினார்கள். அன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஒரு மனிசி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "காலங்காத்தால என்ட மனிசன்ட தலைக்கு விலை பேச வந்தவன் எங்க?" நீ வேலியைப் பாய்ந்தாய். கோட்டுக் கை வேலியோடு தங்கிவிட்டது. அந்த ஓட்டையின் கதை அதுதான். தோணியில் ஏறிய பிறகு, "கொம்பனி கோட்டுக்கும் இன்சூரன்ஸ் குடுக்குமோ?" என்று கேட்டேன். நீ குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாய்.

ஆனால் உன்னிடம் ஒரு குணம். ஓர் இடத்தில் விழுந்தால், விழுந்த இடத்தில் ஒரு பிடி மண்ணையாவது எடுத்துக்கொண்டுதான் எழும்புவாய். அடுத்த முறை வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போனபோது நீ சாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வவுணதீவுத் துறையில் தோணியைக் கட்டிவிட்டு மாட்டுவண்டியில் உன்னிச்சைக்குப் போனோம். விதைப்புக் காலம். குளக்கட்டு மருதமரத்தின் கீழ்ப் பெரிய வயல்காரரான வேலாப்போடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிவர ஊர் ஆம்பிளைகள். அந்தப் பக்கத்தில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். நீ கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாய்.

"போடியார், இந்த முறை எங்க விதைப்பு?"

"ரெண்டு வட்டை வயல். ஒண்டு மேட்டில, மற்றது பள்ளத்தில."

"ஏன்? வயல் எல்லாம் ஒரே இடத்தில கிடந்தாக் காவலுக்கு லேசுதானே?"

வேலாப்போடி உன்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி டவுண் ஆள் போல. மழை கூடினாப் பள்ளம் அழியும், மேடு நிக்கும். மழை பிந்தினா மேடு காயும், பள்ளம் நிக்கும். ரெண்டும் ஒண்டாப் போறது குறைவு."

"மாடு?"

"பாதி என்ட பட்டியில. பாதி மச்சான்ட பட்டியில. நோய் வந்தா ஒரு பட்டியைத்தானே தின்னும்?"

"வீடு நெருப்புப் பிடிச்சா?"

"ஊர் இருக்கு. வீட்டுக்கு ரெண்டு ஓலைக் கிடுகு வந்தா மறுநாளே கூரை."

"வெள்ளம் வந்து ஊரெல்லாம் போனா? ஆர் ஆருக்குக் கிடுகு குடுக்கிற?"

வேலாப்போடி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "அதுக்கு வெளியூர் ஆக்கள்தான் வேணும்."

பக்கத்தில் இருந்த ஒருவர் குறுக்கே விழுந்தார். "உங்கட கொம்பனி ஆனைக்கும் காசு தருமோ?"

"தராது. ஆனைக்குப் பரணும் வெடியும்தான். வெள்ளத்துக்கும் என்னட்டச் சாமான் இல்லை. பொய் சொல்லி விக்கமாட்டன். நான் கொண்டு வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு."

"என்னத்துக்கு?"

நீ குடையை எடுத்து அதன் முனையால் வேலாப்போடியின் நெஞ்சை மெல்லத் தொட்டாய்.

"வட்டை ரெண்டு வைச்சிருக்கிறீங்க. பட்டி ரெண்டு வைச்சிருக்கிறீங்க. போடியார் மட்டும் ஒண்டு. உங்களை ரெண்டு வட்டையில விதைக்கேலா."

வேலாப்போடி குனிந்து தன் நெஞ்சிலிருந்த குடை முனையைப் பார்த்தார்.  

"விதைக்கேலாததுக்கு என்ன செய்யிற?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு ரெண்டு கிடுகு குடுக்கிற மாதிரித்தான். உங்களுக்கு முகம் தெரியாத எத்தனையோ ஊர் ஆக்கள் வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைக்கிறாங்க. எந்த வீட்டுத் தூண் சரியுதோ, அந்த வீட்டுக்குக் கொம்பனி அதைக் கொண்டு வரும். நீங்க சொன்ன வெளியூர் ஆக்கள் இவங்கதான். தூண் சரியாட்டி, குறிச்ச வருசம் முடிய எல்லாம் உங்கட கைக்கே வரும்."

வேலாப்போடி வெற்றிலையைத் துப்பினார். தொடையில் தட்டினார். "நல்ல சாமான். என்ட மனிசிக்கு ஒண்டு எழுதுங்க."

"மனிசிக்கா?"

"பின்ன? நான் போனா அவளுக்கு என்ன குறை? வீடு அவள்ர. வளவு அவள்ர. பெட்டகமும் அவள்ர. அவள் போனா நானல்லோ பாயைச் சுருட்டிக்கொண்டு அக்காட வீட்டுப் படலையில போய் நிக்கோணும்? நட்டம் எனக்குத்தானே!"

சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின. பொழுது சாய முன் அந்த மரத்தடியில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் தங்கள் தங்கள் மனிசிமாரின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். உலகத்தில் எங்கும் இந்தப் பிழையை விடமாட்டார்கள், மச்சான். பெண்சாதி வீட்டில் படுக்கிற நம்முடைய ஆம்பிளைகளால்தான் முடியும்.

திரும்பி வருகையில் நீ சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. நடு வாவியில் சிரிப்பை நிறுத்தினாய். "கொம்பனி உழைக்கிற ஆளைத்தான் எழுதும். ஆனாலும் பேரை அனுப்பிப் பாப்பம். நெல் வெட்டுக்கு முன்னம் படுவான்கரையில ஆள் சேராட்டி வேலை போயிடும்" என்றாய். வேலை போனால் அந்தச் சுவர் இடுப்பளவிலேயே நின்றுவிடும். நான் துடுப்பை வேகமாக வலித்தேன்.

ஓர் ஊரிலிருந்து பெண்களின் பெயர் மட்டும் வந்திருப்பதைப் பார்த்துக் கொம்பனிக்குச் சந்தேகம். தை மாதம், பெரிய தொப்பி போட்ட அதிகாரி ஒருவரைக் கோச்சியில் அனுப்பினார்கள். தோணியில் நடுப்பலகையில் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பகுதியில் பெண்கள்தான் உழுகிறார்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை துரை. ஆம்பிளையள்தான் உழுவாங்க. ஆம்பிளையளைப் பொம்பிளையள் உழுவாங்க."

நீ வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கவில்லை. தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "இன்று ஒழுங்கான ஆட்கள் சேராவிட்டால் இந்தப் பகுதிக்கு வேறு ஒருவரை நியமிக்கவேண்டி வரும்" என்று உன்னிடம் சொன்னார். உன் தோள் குலுங்குவது நின்றுவிட்டது.

மரத்தடியில் அவர் விதியை விளக்கினார். சம்பாதிப்பவரின் உயிருக்குத்தான் காப்புறுதி, மனைவிக்கு இல்லை. ஆம்பிளைகள் சால்வையை உதறினார்கள். "அப்ப எங்களுக்கு என்னத்துக்கு?" என்று ஒவ்வொருவராக எழும்பினார்கள். வேலாப்போடியும் எழும்பிவிட்டார். நீ குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாய்.

அப்போதுதான் தெய்வானை வந்தாள், வேலாப்போடியின் மனிசி. கையில் சுளகு. புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்கவேண்டும்.

"ஆர் என்னைக் கொம்பனிக்கு எழுதிக் குடுத்தது?"

வேலாப்போடி குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். நீதான் முன்னால் போனாய்.

"அக்கா, நான் போடியாரைத்தான் எழுதக் கேட்டன். அவர் உங்களை எழுதச் சொன்னார். நீங்க போனாத் தனக்கு வீடில்லையாம்."

அவள் புருசனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஓம், வீடு என்டதான். சுவரைப் பிச்சு உலையில போடலாமோ? மேட்டு வட்டையில இறங்கிறது ஆர்? வரம்பு கட்டுறது ஆர்? பரணில ஆனைக்குக் காவல் கிடக்கிறது ஆர்? இந்த மனிசன் போனா எனக்குக் கூரை இருக்கும். அதுக்குக் கீழ பானை கவிண்டு கிடக்கும்!"

"அதில்லைப் புள்ள..." என்றார் வேலாப்போடி.

"என்னை எழுதினா உங்களுக்குப் புதுப் பாயும் வரும், புதுப் பொஞ்சாதியும் வரும். உங்களை எழுதினா என்ட புள்ளையளுக்குச் சோறு வரும். தம்பி, இவரை எழுதுங்க. நான் போய்ப் பெட்டகத்தைத் திறக்கிறன்."

"நான் சாகாட்டி?"

"அது இன்னும் நல்லம். வீடும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க, காசும் வரும். மூண்டையும் நான் பாத்துக்கிறன்."

ஆம்பிளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. தெய்வானை சொன்னது வேலிக்கு வேலி தாவி அவர்களுக்கு முன்பே வீடு போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு மனிசியும் தன் ஆளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து மரத்தடிக்கு வந்தாள். அதிகாரி தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுதினார், எழுதினார், மை முடியுமட்டும் எழுதினார். பிறகு டாக்குத்தர் வந்து நெஞ்சைத் தட்டிப் பார்த்த நாளில் அவர்கள் எல்லோரும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதை நீயும் பார்த்தாய்தானே.

எனக்கும் தப்ப வழியில்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். உன் தங்கை அகப்பையோடு வாசலை மறித்தாள்.

"உன்னிச்சைப் பொம்பிளையளுக்கு இருக்கிற புத்தி எனக்கில்லையோ? அண்ணா, இந்த மனிசனையும் எழுதுங்க."

"நான் செத்தா அழமாட்டியோ, புள்ள?" என்றேன்.

"அழுவன். அழுது முடிய உலை வைக்கோணும்."

நீ பேனாவின் மூடியைத் திறந்தாய். அந்த முகத்தை என் உயிர் உள்ளமட்டும் மறக்கமாட்டேன், மச்சான். வருசக்கணக்காக என்னிடம் வாங்கின கேலிக்கெல்லாம் அந்த ஒரு நிமிசத்தில் வட்டியோடு திருப்பித் தந்தாய்.

வேலை நிலைத்தது. சுவர் இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேலே ஏறியது. யன்னலும் வைத்தாய். அடுத்த மாரிக்கு முன் கூரை என்றாய். நல்ல நாளும் பார்க்கச் சொன்னாய்.

கூரைக்கு முன் காய்ச்சல் வந்தது. மார்கழி மழையில் உன்னைக் கொண்டுபோனோம். இதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். எழுதினால் நீ அழிறப்பர் கொண்டு வருவாய்.

சுவர் நனைந்துகொண்டு நின்றது. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்போது ஒரு நாள் காலையில் வாவியில் தோணிகள் வருவது தெரிந்தது. முன் தோணியில் வேலாப்போடி. பின்னால் உன்னிச்சை ஆட்கள். தோணி நிறையக் கிடுகு. உன்னை எரித்த இடத்தைக் கேட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு கம்பு நட்டு, கயிறு கட்டி, மாலைக்குள் அந்த வீட்டை மூடிவிட்டார்கள்.

"தம்பி வெளியூர் ஆக்களைப் பற்றிச் சொன்னவர். நாங்களும் உங்களுக்கு வெளியூர்தானே" என்றார் வேலாப்போடி. போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "கொம்பனி தன்ட ஆளுக்கே குடுக்குதோ பாப்பம். குடுக்காட்டி எங்கட மனிசிமார் சுளகோட கொழும்புக்குப் போவாங்க."

"குடுக்கும்" என்றேன். எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. கொம்பனியை நான் நம்பினேனோ என்று கேட்காதே. நீ திண்ட கறி அது. அதைத்தான் நம்பினேன்.

கொடுத்தது, மச்சான். அதே அதிகாரிதான் வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றினார். சின்னவளின் கையில் காசைக் கொடுத்துவிட்டு, போகும்போது கிடுகுக் கூரையை அண்ணாந்து பார்த்து, "இது யார் போட்டது?" என்றார்.

"இது வேற கொம்பனி, துரை" என்றேன். அன்று அவர் சிரித்தார்.

கிடுகு அந்த மாரியைத் தாங்கியது. அதற்குப் பிறகு வந்த மாரிகளை எல்லாம் அந்தக் காசில் நீ வாங்கின ஓடு தாங்குகிறது. மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தபோது அவர்களுக்கு வானம் தெரியவில்லை.

என் கதையையும் கேள். குறித்த வருசம் முடிந்தது. நான் சாகவில்லை. கொம்பனிக் கந்தோருக்குப் போனேன். கழுத்துப் பட்டி கட்டின தம்பி ஒருவர் எழும்பி நின்று கை கொடுத்தார்.

"சாகாம இருந்ததுக்குக் கூலி தாற வேலை வேற எங்கயும் கிடக்கோ, தம்பி? இருந்தாச் சொல்லும், அங்கயும் சேர்றன்" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. நீ இல்லாத கந்தோர் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காசில் இரண்டாவது தோணி வாங்கினேன். இப்போது எந்த நெல்லையும் ஒரே தோணியில் ஏற்றமாட்டேன். பாதி இதில், பாதி அதில். யாராவது அவசரத்தில் எல்லா மூட்டையையும் ஒன்றில் அடுக்கினால் உன் குடையை எடுத்து அவர் நெஞ்சைத் தொடுவேன். குடை விரியாது, கம்பி எல்லாம் போய்விட்டது. நெஞ்சைத் தொட முனை போதும். கோட்டை மட்டும் உன்னோடு அனுப்பிவிட்டேன். அந்த ஓட்டையோடு நீ அங்கே என்ன விற்கிறாய் என்று தெரியவில்லை.

மழை வந்தால் நான் என் வீட்டில் இருப்பதில்லை. அடுத்த வளவுக்குப் போய்ச் சின்னவள் வீட்டில் உட்காருவேன். அவள் தேத்தண்ணி தருவாள். அவள் புருசன் மூலையில் குறட்டை விடுவான். ஓட்டில் மழை இரைச்சலாகக் கொட்டும். அண்ணாந்து பார்ப்பேன். ஓர் இடத்தில்கூட ஒழுக்கில்லை.

உன்னிச்சை மரத்தடியில் நீ ஒரு பொய் சொன்னாய், மச்சான். ஆளை இரண்டு வட்டையில் விதைக்கேலாது என்றாய். உன்னை நீயே அப்படி விதைத்திருந்தாய். பள்ளத்து வட்டையை அந்த மார்கழி மழை கொண்டுபோய்விட்டது. மேட்டு வட்டை என் தலைக்கு மேலே நனையாமல் நிற்கிறது.